வால்பாறையில் பார்க்க என்ன இருக்கிறது?

5 மே 2024, ஒரு வாசகரின் கேள்வி

அடுத்த மாதம் குடும்பத்தோடு வால்பாறை போகலாம் என்று இருக்கிறோம். போய்விட்டு வந்த நண்பர், "டீத்தோட்டத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை, கடைவீதி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஊட்டிக்கே போய்விடுங்கள்" என்கிறார். கூட வருவது வயதானவர்கள் இரண்டு பேர், சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு நாள் தாங்குமா?

5 மே 2024, இரவு

தாங்கும். நான் பிறந்தது அங்கேதான். முடீஸ் பக்கம் ஒரு எஸ்டேட், தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. அம்மா முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்தவர். இப்போது பொள்ளாச்சியில் இருக்கிறோம்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் மலை தொடங்கும், 40 கொண்டை ஊசி வளைவுகள். 9வது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. கீழே ஆழியாறு அணை மொத்தமும் தெரியும். இந்தச் சாலையைப் போட்ட பொறியாளர் லோம் என்பவரின் பெயர்தான் அதற்கு. மேலே போனதும் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு, சோலையாறு அணை, கூழாங்கல் ஆறு, கருமலை பாலாஜி கோயில், நல்லமுடி பூஞ்சோலை, சின்னக்கல்லார் அருவி. இரண்டு நாளுக்கு இது போதும்.

6 மே 2024, காலை

நேற்று எழுதியதை இப்போது படித்தால் டிராவல்ஸ்காரர் துண்டுச்சீட்டு மாதிரி இருக்கிறது. அதை நம்பிப் போனால் உங்கள் நண்பர் சொன்னதையேதான் நீங்களும் வந்து சொல்வீர்கள். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷம் இறங்கி, போட்டோ எடுத்து, மறுபடி ஏறி, கடைசியில் "ஒன்றும் இல்லை" என்று தோன்றும். நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக விரித்து எழுதுகிறேன்.

முதலில் 9வது வளைவு. அங்கே அணையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். திரும்பி, சாலைக்கு மேலே இருக்கும் பாறையைப் பாருங்கள். கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. அப்புறம் பாறையிலிருந்து ஒரு துண்டு நகர்வது போல இருக்கும், அதுதான் வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மற்ற ஊர்களில் இதைப் பார்க்க அனுமதி வாங்கி, நடந்து, குளிரில் காத்திருக்க வேண்டும். இங்கே அரசுப் பேருந்தின் ஜன்னலிலிருந்தே தெரியும். சில சமயம் சாலையோரச் சுவரின் மேலேயே நிற்கும். கிடா என்றால் முதுகில் வெள்ளை படர்ந்திருக்கும்.

பிஸ்கட் போடாதீர்கள். பிள்ளைகள் கேட்டால் என்னைச் சொல்லிவிடுங்கள்.

6 மே 2024, மதியம்

ஒருவர் "மங்கி ஃபால்ஸை விட்டுவிட்டீர்களே" என்று கேட்டிருக்கிறார். விட்டது உண்மைதான். மலை ஏறும் முன்பே வரும். இப்போது அதற்குக் கவியருவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பலகையும் அப்படித்தான். பஸ்ஸில் கண்டக்டரிடம் பழைய பெயரைச் சொன்னாலும் புரியும். கோடையில் தண்ணீர் நின்றுவிடும், வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள். நீங்கள் போகும் ஜூனில் எப்படி இருக்கும் என்பது மழை பிடிக்கும் நாளைப் பொறுத்தது.

8 மே 2024

சிங்கவால் குரங்கு பற்றி. இதை நிதானமாகவே எழுத வேண்டும்.

ஐயர்பாடி, ரொட்டிக்கடை தாண்டி, வால்பாறைக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது புதுத்தோட்டம் வரும். எஸ்டேட்டுக்கு நடுவே ஒரு துண்டு சோலைக்காடு. சுற்றிலும் தேயிலையும் காபியும். அந்தத் துண்டுக்குள் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. உடம்பு முழுக்கக் கறுப்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் குரங்கு இது. உலகத்தில் வேறு எங்கும் காட்டில் பார்க்க முடியாது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது இதைக் கருங்குரங்கு என்றுதான் சொல்வோம். (கருமந்தி வேறு. அதற்கு வால் நீளம், தரைக்கு அவ்வளவாக இறங்காது. இரண்டையும் நாங்கள் குழப்பிக்கொள்வோம்.) அப்போதெல்லாம் அது மரத்தின் மேலேயே இருக்கும். வெடிப்பலா காய்க்கும் காலத்தில் மேலேயிருந்து முள்தோடு விழும். அண்ணாந்து பார்த்தால் இலைக்கு நடுவில் ஒரு கறுப்புக் கை மட்டும் தெரியும். அவ்வளவுதான்.

இப்போது சாலையில் உட்கார்ந்திருக்கிறது. காடு சின்னத் துண்டாகிவிட்டது, மரத்துக்கு மரம் தாவ இடைவெளி பெரிதாகிவிட்டது. அதனால் தரையில் இறங்கி, சாலையைக் கடந்து, வீட்டுக் கூரையிலும் குப்பைத் தொட்டியிலும் தேடுகிறது. வண்டியில் அடிபட்டும் செத்திருக்கின்றன. மைசூரில் தொடங்கிய நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பல வருஷமாக வால்பாறையில் வேலை செய்கிறது. அவர்களும் வனத்துறையும் சேர்ந்து சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். புதுத்தோட்டம் வந்ததும் வண்டியை மெதுவாக்கி மேலே பாருங்கள், தெரியும். அதன் வழியாகக் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு தாய் கடந்து போவதை நான் பார்த்தேன். கீழே நாலு கார், ஒரு பால் வண்டி, ஒரு பஸ் நின்றிருந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பாதிப் பாலத்தில் அது நின்று எங்களைக் குனிந்து பார்த்தது, அப்புறம் போய்விட்டது.

அங்கே குரங்குகளைக் கவனிக்க ஆட்களை வைத்திருக்கிறார்கள். "வண்டியை ஓரமா நிறுத்துங்க, தீனி போடாதீங்க" என்பார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தக் குரங்குக்கு எத்தனை குட்டி என்பது வரை சொல்வார்கள்.

8 மே 2024, இரவு

திருத்தம். மேலே "காடு சின்னத் துண்டாகிவிட்டது" என்று எழுதினேன், அது ஏதோ நேற்று நடந்தது போலப் படுகிறது. வெட்டியது வெள்ளைக்காரன் காலத்தில். 1890களில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டத்துரைகள் வந்து காட்டை அழித்து முதலில் காபி போட்டார்கள், பிறகு தேயிலை. மேலே ஏறும் வழியில் கார்வர் மார்ஷுக்குச் சிலைகூட இருக்கிறது. வெட்டியது துரை இல்லை, அவர் கூட்டி வந்த ஆட்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், சேலம் பக்கத்திலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவர்கள். என் பாட்டனும் அதில் ஒருவர். மலேரியாவிலும் குளிரிலும் செத்தவர்களுக்குக் கல் ஒன்றும் நட்டு வைக்கவில்லை. சிலையைப் பார்க்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று வால்பாறை பீடபூமி என்பது சுமார் 220 சதுர கிலோமீட்டர் தோட்டம். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும். நடுவில் அங்கங்கே ஒட்டுப் போட்டது போலச் சோலைத் துண்டுகள். மேலே ஏறும் வழியில் கவர்கல் பக்கம் மூடுபனி இல்லாத நாளில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வழித்து விட்டது போல இருக்கும் வெளிர் பச்சை தேயிலை. அதற்கு நடுவே கறுத்த பச்சையாகக் குமிழ் குமிழாக நிற்பது பழைய காடு. யானை, சிறுத்தை, இருவாச்சிப் பறவை எல்லாம் அந்தக் குமிழிலிருந்து இந்தக் குமிழுக்குப் போகின்றன. போகிற வழியில்தான் எங்கள் வீடுகள்.

11 மே 2024

"சோலையாறு அணை கேரளாவில்தானே இருக்கிறது, வால்பாறை லிஸ்டில் எப்படி?" என்று ஒருவர்.

இரண்டு அணை இருக்கிறது. மேல் சோலையாறு தமிழ்நாட்டில், வால்பாறை எல்லைக்குள். கீழ் சோலையாறு கேரளாவில், மளுக்கப்பாறை தாண்டி. நான் சொன்னது மேலே இருப்பது. முழு நீர்மட்டம் 160 அடி. மழைக்காலத்தில் வால்பாறை டீக்கடைகளில் பேச்சே "இன்னிக்கு எத்தனை அடி?" என்பதுதான்.

இந்தத் தண்ணீர் போகும் வழி தெரிந்தால் அணையில் வெறும் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். நீராற்றில் தடுத்த தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக வெள்ளமலையில் வெளியே வருகிறது. அங்கிருந்து கூழாங்கல் ஆறாக ஓடிச் சோலையாறு அணைக்கு. அணையிலிருந்து மானாம்பள்ளி மின் நிலையம். அதன் பிறகு பரம்பிக்குளம். அந்த அணை இருப்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு. அங்கிருந்து மறுபடியும் சுரங்கம், சர்க்கார்பதி, கால்வாய், திருமூர்த்தி அணை. கடைசியில் பொள்ளாச்சி, உடுமலை தென்னந்தோப்புகள். 1970ல் இரண்டு மாநிலமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். மேற்கே கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரைக் கிழக்கே திருப்பிய வேலை இது. சின்னக்கல்லாரில் அம்மா தலையில் விழுந்த மழை, இன்று பொள்ளாச்சியில் பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் போகிறது. இதைச் சொன்னால் அம்மாவுக்கு நம்பிக்கை வருவதில்லை.

வளைவுகளில் ஏறும்போது ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த மலைத்தொடருக்குள் காடம்பாறை என்று ஒரு மின் நிலையம் பூமிக்கடியில் இருக்கிறது. 400 மெகாவாட். மின்சாரம் மிச்சமாகும் நேரத்தில் கீழே இருக்கும் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, தேவைப்படும் நேரத்தில் திறந்து விடுவார்கள். உள்ளே விடமாட்டார்கள். மலைக்குள் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் வளைவுகளில் வாந்தி எடுப்பதை மறந்துவிடுவார்கள். என் பையனுக்கு இது பலித்தது.

12 மே 2024

கூழாங்கல் ஆற்றை முதல் குறிப்பில் பட்டியலில் போட்டேன். இரண்டு நாளாக அது உறுத்துகிறது.

ஆறு அழகுதான். சாலையை ஒட்டியே ஓடும், முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் உருண்டைக் கற்கள் எண்ணும்படி தெரியும். விடுமுறை நாளில் கார்கள் வரிசையாக நிற்கும். நாங்களும் சின்ன வயதில் அங்கே துணி துவைத்தபடியேதான் குளித்தோம்.

ஆனால் 2023 அக்டோபரில் அதே பகுதியில், சோலையாறு எஸ்டேட் ஆற்றில், கோவையிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் மூழ்கிப் போனார்கள். ஒருவர் வழுக்கி ஆழத்துக்குப் போக, காப்பாற்றப் போனவர்களும் போனார்கள். மலையாற்றில் கரையில் முழங்கால் அளவு என்றால் நாலடி தள்ளி ஆள் மட்டம் இருக்கும். கல்லில் பாசி. மேலே எங்கோ பெய்யும் மழைக்கு இங்கே தண்ணீர் சட்டென்று நிறம் மாறும். எஸ்டேட்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: தண்ணீரில் சருகும் குச்சியும் வர ஆரம்பித்தால் சோப்பைக்கூட எடுக்காமல் கரை ஏறிவிட வேண்டும்.

பிள்ளைகளோடு போகிறீர்கள். கரையில் உட்கார்ந்து காலை நனையுங்கள், போதும். முதல் குறிப்பில் இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

14 மே 2024

யானை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். எப்போது என்றுதான் சொல்ல முடியாது.

எங்கள் லைனில் நான் ஏழாவது படிக்கும்போது ஒரு ராத்திரி ரேஷன் கடைச் சுவர் போனது. அரிசி மூட்டை. காலையில் போய்ப் பார்த்தோம். சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை, தரையில் அரிசி, அதில் அகலமாக ஈரமான தடம். உள்ளே இருந்த உப்பும் போயிருந்தது. யாரும் திட்டவில்லை. அம்மா "பிள்ளையார் வந்துட்டுப் போயிருக்கார்" என்று கும்பிட்டார். அதே அம்மா, இரண்டு வருஷம் கழித்து, வேலை முடிந்து திரும்பிய பக்கத்து லைன் அக்கா ஒருவர் பனியில் யானைக்கு எதிரே போய் நின்று செத்தபோது ஒரு வாரம் சாப்பிடவில்லை.

வால்பாறையில் யானையால் இறந்தவர்களில் நிறையப் பேர் யானை அங்கே நிற்பதே தெரியாமல் போனவர்கள். மூடுபனி, வளைவு, இருட்டு. இதற்கு ஒரு வழி செய்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆனந்தகுமாரும் அவருடன் இருந்தவர்களும் யானை எங்கே நிற்கிறது என்பதைத் தினமும் விசாரித்து, உள்ளூர் கேபிள் டிவியில் ஓட விட்டார்கள். அப்புறம் செல்போனுக்குக் குறுஞ்செய்தி. எஸ்டேட் முனைகளில் சிவப்பு விளக்கு. யானை பக்கத்தில் இருந்தால் அந்தந்த இடத்தில் பொறுப்பில் இருப்பவர் தன் போனிலிருந்தே விளக்கைப் போடுவார். ஆனந்தகுமாருக்கு 2015ல், இயற்கைப் பாதுகாப்புக்குத் தரும் விட்லி விருது கிடைத்தது இதற்காகத்தான்.

அந்த விளக்கு எங்களுக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன். சாயங்காலப் பஸ்ஸில் இறங்கினால் லைனுக்கு இருபது நிமிஷ நடை. இறங்கியதும் முதலில் விளக்குக் கம்பத்தைத்தான் பார்ப்போம். எரியவில்லை என்றால் நடப்போம். எரிந்தால் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வோம். கடைக்காரர் காசு வாங்காமல் இன்னொரு டீ கொடுப்பார். அவ்வளவுதான், ஆனால் அது பெரிய விஷயம்.

நீங்கள் செய்ய வேண்டியது: இருட்டிய பிறகு எஸ்டேட் சாலையில் சுற்றாதீர்கள். "நைட் சஃபாரி" என்று யாராவது ஜீப்பில் கூப்பிட்டால் போகாதீர்கள். ஸ்பாட்லைட் அடித்துக்கொண்டு லைன் வீடுகளைச் சுற்றி வருவார்கள். யானை மிரண்டால் வாகனத்தில் இருப்பவர் போய்விடுவார், வீட்டில் இருப்பவர்தான் அங்கேயே இருப்பார்.

சிறுத்தையும் அப்படித்தான். லைன் வீட்டு வாசலில் அந்தி நேரத்தில் பிள்ளைகள் விளையாடும்போது தூக்கிப் போன துயரங்கள் நடந்திருக்கின்றன. தேயிலைச் செடி இடுப்பளவு, அதற்குள் சிறுத்தை பதுங்கினால் இரண்டடி தூரத்தில் இருந்தாலும் தெரியாது. உங்கள் பிள்ளைகளைப் போட்டோவுக்காகத் தேயிலைக்குள் ஓட விடாதீர்கள்.

14 மே 2024, இரவு

பயமுறுத்திவிட்டேனா? பகலில் சாலையோடு போய் வருபவர்களுக்கு ஒன்றும் ஆகாது. தூரத்துச் சரிவில் சேற்றுச் சதுப்பில் யானைக் கூட்டம் நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. காட்டுமாடு நிச்சயம். டீக்கு நடுவில் கறுப்புப் பாறை போல நின்று மேயும், கால் மட்டும் வெள்ளைச் சாக்ஸ் போட்டது போல.

17 மே 2024

பெயர் விளையாட்டு ஒன்று, பிள்ளைகளுக்காக. வால்பாறையில் எஸ்டேட் பெயர்களை எண்ணச் சொல்லுங்கள். தாய்முடி, நல்லமுடி, கஜமுடி, தோணிமுடி, முத்துமுடி, சேக்கல்முடி, குரங்குமுடி. முடி என்றால் மலை உச்சி. முடி முடியாக இருந்த தோட்டங்களைச் சேர்த்து வெள்ளைக்காரன் தன் பாஷையில் பன்மையாக்கி முடீஸ் என்று சொல்லிவிட்டான் என்பது எங்கள் ஊர் வாத்தியார் சொன்ன கதை.

இதில் ஆனைமுடி என்றும் ஓர் எஸ்டேட் உண்டு. போன வருஷம் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் "தென்னிந்தியாவின் உயரமான சிகரத்துக்கு வந்துவிட்டோம்" என்று எஸ்டேட் பலகை முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. சிகரம் அது இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் சொன்னேன். 2,695 மீட்டர் ஆனைமுடிச் சிகரம் கேரளாவில், மூணாறு பக்கம். ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் நல்லமுடி பூஞ்சோலைக்குப் போகலாம். தோட்டத்துக்குள் நடந்து போய் விளிம்பில் நின்றால் கீழே அதல பாதாளமாகப் பள்ளத்தாக்கு, எதிரே சுவர் போல மலைகள், வெள்ளிக் கோடாக அருவிகள், பனி விலகினால் ஆனைமுடி. காலை பத்து மணிக்குள் போங்கள். நான் எட்டு முறை போயிருக்கிறேன், மூன்று முறைதான் சிகரம் தெரிந்தது. மற்ற ஐந்து முறையும் வெறும் வெள்ளை. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. காலடியில் உலகம் முடிந்துவிட்டது போல.

20 மே 2024

சின்னக்கல்லார் பற்றி முன்பு ஒரு வரி எழுதினேன். நீங்கள் ஜூன் என்கிறீர்கள், ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் சிரபுஞ்சி என்று அதற்குப் பெயர். மாநிலத்திலேயே அதிக மழை பெய்யும் இடம். அருவிக்குப் போகும் வழி காட்டுக்குள், தொங்குபாலம் தாண்டி. மழை பிடித்துவிட்டால் அனுமதிக்க மாட்டார்கள். போய்க் கேட்டு, மூடியிருந்தால் சண்டை போடாமல் திரும்புங்கள்.

ஜூனில் மழை பிடித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? மூன்று நாள், நான்கு நாள், சத்தம் நிற்காது. தகரக் கூரை. வீட்டுக்குள் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். துணி காயாது, அடுப்புக்கு மேல் கயிறு கட்டிப் போட்டுப் புகை வாசனையோடு பள்ளிக்குப் போவோம். அம்மா தலையிலிருந்து முதுகு வரை பிளாஸ்டிக் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவார். சாயங்காலம் வந்ததும் வாசலில் உட்கார்ந்து காலிலிருந்து அட்டைகளைப் பிடுங்குவார். நான் உப்புக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் எண்ணினேன், இடது காலில் மட்டும் பதினேழு. அம்மாவுக்கு வலியே இல்லை, வீட்டுத் தரையில் ரத்தம் ஆகிறதே என்பதுதான் கவலை.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

26 மே 2024

"அது நகராட்சியா? ஊரைப் பார்த்தால் கிராமம் மாதிரி இருக்கிறதே" என்று ஒருவர். நகராட்சிதான், 21 வார்டு. ஆனால் வார்டு என்றால் தெரு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான வார்டு எஸ்டேட்டுகள். கவுன்சிலர் வீடு வீடாகப் போக வேண்டுமென்றால் மலை இறங்கி மலை ஏற வேண்டும். எஸ்டேட்டுக்குள் இருக்கும் சாலை கம்பெனியுடையது, வீடும் கம்பெனியுடையது. ஒரு குழாய் உடைந்தால் எங்கே போய்ச் சொல்வது என்பதே எங்களுக்கு ஒரு வேலை.

2001 கணக்கெடுப்பில் 90 ஆயிரத்துக்கு மேல் இருந்த ஊர், 2011ல் 70 ஆயிரம் சொச்சம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலான நகராட்சிகள் வீங்கிக்கொண்டிருந்தபோது இது சுருங்கியது. தேயிலை விலை விழுந்தது, கூலி போதவில்லை, படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கினார்கள். நானும் இறங்கியவன். ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதுதான் விதி. முப்பது வருஷம் இருந்த வீடு நம்முடையது இல்லை. அம்மாவுக்குப் பணிக்கொடை கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. அந்த ஒன்றரை வருஷமும் பொள்ளாச்சியில் வாடகை வீட்டில் அவர் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார், சங்கு ஊதும் என்று.

27 மே 2024

நேற்று எழுதியதில் ஒன்று விடுபட்டது. இருந்த வீடு எங்களுடையது இல்லை என்று வருத்தப்பட்டேன். எங்களுக்கு முன்பே அங்கே இருந்தவர்கள் காடர்கள், அந்தக் காட்டின் பழங்குடிகள். 2019 ஆகஸ்ட் மழையில் கல்லார்குடி என்ற அவர்கள் குடியிருப்பு மண்சரிவில் போனது. வீடு இழந்தவர்கள் தங்கள் காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டார்கள். மாற்றாக எஸ்டேட் லைன் வீட்டில் போய் இருங்கள் என்றார்கள். அவர்கள் மறுத்துப் போராடினார்கள், பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். வன உரிமைச் சட்டத்தின்படி அதே தெப்பக்குளமேட்டில் பட்டா வாங்கினார்கள். செய்தியைப் படித்த அன்று அம்மாவிடம் சொன்னேன். "லைன் வீட்டுக்கு வரமாட்டேன்னு சொன்னாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

குடியிருப்புகளைச் சுற்றிப் பார்க்கும் இடமாக நினைத்துப் போகாதீர்கள். அது அவர்கள் வீடு.

9 ஜூன் 2024

இந்த இழையை எழுத எழுத எனக்கே போக வேண்டும் என்று ஆகிவிட்டது. நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். பதினொரு வருஷம் கழித்து.

9வது வளைவில் அம்மா இறங்கவே இல்லை. கவர்கல்லில் பனி வந்ததும் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னார். முகத்தை வெளியே நீட்டி மூச்சை இழுத்துவிட்டு, "கவாத்து வெட்டியிருக்காங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வளைவில் ஒரு சரிவு முழுக்க வெட்டிய தேயிலை, இலை இல்லாமல் குச்சி குச்சியாக நின்றது.

எங்கள் லைனில் பத்து வீட்டில் ஆறு பூட்டிக் கிடந்தது. இரண்டில் கூரை இல்லை. எங்கள் வீட்டில் ஆள் இருந்தார்கள், ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம் தம்பதி, கைக்குழந்தை. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் நாலு வார்த்தை, அம்மாவுக்கு இந்தி ஒரு வார்த்தைகூட இல்லை. அம்மா வாசலில் நின்று வீட்டைக் காட்டி, தன்னைக் காட்டி, விரலால் முப்பது, முப்பத்தொன்று என்று எண்ணிக் காட்டினார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வரச் சொன்னது.

அடுப்படிச் சுவரில் நான் உயரம் அளந்து போட்ட கோடுகள் சுண்ணாம்புக்கு அடியில் இன்னும் லேசாகத் தெரிகின்றன. அதை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா அந்தப் பெண்ணின் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கறுப்பாகக் கோடு கோடாக வெடிப்பு, தேயிலைக் கறை உள்ளே இறங்கியது. அம்மாவின் விரலிலும் அதே இடத்தில் அதே கோடு, இத்தனை வருஷம் கழித்தும் போகவில்லை. அம்மா தன் முந்தானை ஓரத்தைக் கிழித்து அந்த விரலில் எப்படிச் சுற்ற வேண்டும், முடிச்சை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று காட்டினார். இப்போது பெரும்பாலும் கத்திரியில்தான் எடுக்கிறார்கள், அந்தப் பெண் கத்திரியைக் கொண்டுவந்து காட்டியது. அம்மா அதை வாங்கி எடை பார்த்துவிட்டு, "இது தோளுக்கு ஆகாது" என்றார். அந்தப் பெண் தோளைத் தொட்டுக் காட்டித் தலையாட்டியது.

கறுப்புத் தேநீர் கொடுத்தார்கள். அம்மா முழுவதும் குடித்தார், சர்க்கரை நோய் இருக்கிறது, நான் தடுக்கவில்லை.

10 ஜூன் 2024

கேள்வி கேட்டவருக்கு: செப்டம்பர் கடைசியில் போவதாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அதிகாலையில் பொள்ளாச்சியில் கிளம்பி, 9வது வளைவு, புதுத்தோட்டம், மதியம் வால்பாறையில் சாப்பாடு, சாயங்காலம் சோலையாறு அணை. ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டாம் நாள் காலை நல்லமுடி பூஞ்சோலை, வழியில் வேலை நடக்கும் தோட்டம் எதிலாவது வண்டியை ஓரமாக நிறுத்தி, கேட்டுவிட்டு, பத்து நிமிஷம் பாருங்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். பதினொரு மணிக்கு, பறித்த கொழுந்தை எடை போடும் இடம் கண்ணில் பட்டால் அங்கேயே நில்லுங்கள், அதை விட்டுவிடக் கூடாது. திரும்பும்போது மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி இறங்குவதாக இருந்தால் மதியத்துக்குள் செக்போஸ்ட்டைத் தாண்டிவிடுங்கள், சாயங்காலத்துக்கு மேல் விடமாட்டார்கள். பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணித்தான் உள்ளே அனுப்புவார்கள்.

பெரியவர்களுக்குக் கம்பளி. எல்லோருக்கும் ஒரு பொட்டலம் உப்பு, அட்டைக்கு.

10 ஜூன் 2024, இரவு

அம்மா சேர்க்கச் சொன்னது: ரொட்டிக்கடையில் நிறுத்தி டீ குடிக்க வேண்டுமாம். பஸ் அங்கே நின்றால்தான் ஊருக்கு வந்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றுமாம்.